சரவிளக்குகள் அணைந்த நிலையம்

நான் ஒருமுறைகூடக் காலடி வைக்காத ஒரு கட்டடம் எனக்கு எங்கள் வீட்டைப் போலப் பழக்கம். உக்ரைன் நாட்டின் கிழக்குப் பக்கம், ரஷ்ய எல்லைக்குக் கிட்டத்தில் இருக்கிற ஒரு பெரிய நகரத்தின் ரயில் நிலையம் அது. எந்த வாசலில் நுழைந்தால் பெரிய கூடம், கூடத்திலிருந்து எந்தப் படியில் இறங்கினால் சுரங்கப்பாதை, எங்கே சுவர், எங்கே கண்ணாடி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். நான் இருப்பதோ நாமக்கல் பக்கத்தில் ஒரு கோழிப்பண்ணை வீட்டில். விமானத்தைத் தலைக்கு மேலே பார்த்ததோடு சரி. எல்லாம் போன் திரையில் பார்த்துக் கற்றுக்கொண்டது. ஆசைப்பட்டுக் கற்றுக்கொண்டதில்லை.

எங்கள் ஒரே மகள் அந்த ஊருக்கு டாக்டருக்குப் படிக்கப் போனாள். இங்கே நுழைவுத் தேர்வு எழுதினாள், மறுபடியும் எழுதினாள், இன்னொரு முறை எழுது என்றபோது புத்தகத்தைத் தூக்கி அட்டாலியில் போட்டுவிட்டாள். எங்கள் பக்கத்தில் ஊருக்கு ஒரு பிள்ளையாவது இப்படி வெளிநாட்டில் படித்துக்கொண்டிருக்கும். போர்வெல் வண்டியோடு ஆப்பிரிக்கா வரைக்கும் போய் வருகிற ஜனம் நாங்கள். தூரம் என்று யாரும் மலைத்துப் போகவில்லை.

அவள் போய்ச் சேர்ந்த வருஷமே, புதிதாக வந்த பிள்ளைகளை மொழி கற்றுத்தரும் வாத்தியாரம்மா ஊர் சுற்றிக் காட்டக் கூட்டிப்போனார். முதலில் ரயில் நிலையம். அங்கிருந்து இவள் வீடியோவில் கூப்பிட்டாள்.

"இது ஸ்டேஷனுங்மா."

"பொய் சொல்லாத. எந்த அரமனைக்குள்ள பூந்துட்டு நிக்கற?"

எங்களுக்கு ஸ்டேஷன் என்றால் சேலம் ஜங்ஷன்தான். சூரமங்கலத்தில் டவுன் பஸ்ஸை விட்டு இறங்கி, மூட்டை மேலேயே உட்கார்ந்து, சுண்டல் வாங்கித் தின்றுகொண்டு காத்திருக்கிற இடம். நாமக்கல்லுக்கு ரயில் வந்ததே நேற்றைக்கு என்று சொல்லலாம். இவள் காட்டிய நிலையத்துக்கோ வெளியே இரண்டு கோபுரம், கோபுரத்துக்கு ஒரு கடிகாரம். உள்ளே ஒரு கூடம். எங்கள் பண்ணையின் பெரிய ஷெட்டைத் தூக்கி உள்ளே வைத்தாலும் மேலே இடிக்காது. கூரை முழுக்க ஓவியம். நடுவில் சரவிளக்கு, அதுவும் ஒன்றிரண்டு இல்லை. அதன் கீழே ஜனங்கள் சாதாரணமாகப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்து போனார்கள்.

அதன் கதையையும் அவளே சொன்னாள். முதலில் ஜார் மன்னர் காலத்து நிலையம் ஒன்று அதே இடத்தில் இருந்ததாம். இரண்டாம் உலகப் போரில் அது தரைமட்டமாகிவிட்டது. போர் முடிந்ததும் சோவியத் அரசாங்கம் அங்கேயே இதைக் கட்டியது. ரொட்டிக்கே வரிசையில் நின்ற காலத்தில் சரவிளக்கு எதற்கு என்று இவள் கேட்டிருக்கிறாள். எல்லாவற்றையும் இழந்துவிட்டு ஊர் திரும்புகிறவர்கள் வந்து இறங்கும் இடம், கொஞ்சம் தலை நிமிர்ந்து பார்க்கட்டும் என்று கட்டினார்கள் என்றாராம் வாத்தியாரம்மா. அரசாங்கம் கட்டியது எதையும் நான் லேசில் மெச்சுகிறவள் இல்லை. எங்கள் ஊர்ப் பஸ் நிலையத்துக் கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தவர்களுக்கு என் கோபம் புரியும். ஆனாலும் அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. அந்த வீடியோவை அழிக்காமல் வைத்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "கட்டியிருக்கறானுங்க பாரு" என்று ஒரே வார்த்தை சொன்னார். அதுவே அவருக்கு அதிகம். அவர் கோழிகளோடு பேசுகிற அளவுக்கு என்னோடு பேசியதில்லை என்று சொந்தக்காரர்களிடம் நான் குறைப்பட்டுக்கொள்வதுண்டு. நல்ல மனிதர். ஒரே ஒரு கிறுக்கு, நேரம் பார்ப்பது. புதுக் குஞ்சு லோடு வந்து வாசலில் நிற்கும். ராகுகாலம் என்றால் இறக்க விடமாட்டார். டிரைவர் முறைப்பார், பெட்டிக்குள் குஞ்சுகள் கத்தும், நான் கத்துவேன். அவர் காலண்டர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் இப்படித்தான், அதனால் நான் பெரிதாகச் சண்டை போட்டதில்லை.

பிறகு சண்டை வந்தது. எங்கள் சண்டை இல்லை, நாடுகளின் சண்டை.

விடுதிக்குக் கீழே ஒரு நிலவறை. பழைய சாமான்கள் போட்டு வைக்கிற இடம். பிள்ளைகளை அங்கே இறக்கிவிட்டார்கள். இவள் கூப்பிடும்போதெல்லாம் பின்னால் யாராவது இருமிக்கொண்டிருப்பார்கள். கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்பதுபோல, சார்ஜ் இருந்தால் சிக்னல் இருக்காது, சிக்னல் இருந்தால் சார்ஜ் இருக்காது. நான் டி.வி.யை அணைக்கவே இல்லை. சமைத்தேன், யாரும் தின்னவில்லை, கொட்டினேன், திரும்பவும் சமைத்தேன். மனசு என்று ஒன்று இருந்ததா என்றே தெரியவில்லை.

எழவு வீட்டுக்கு வருவதுபோல ஊர்ஜனம் வந்தது. வாசலில் செருப்பை விட்டு, தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்து, பாயில் உட்காருவார்கள். "அத்தனை தூரத்துக்கு அனுப்பியிருக்க வேண்டாமுங்க" என்றார் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர். தன் மகனைப் போர்வெல் வண்டியோடு தான்சானியாவுக்கு அனுப்பிவிட்டு வந்து வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுகிறார். "உங்க பையன் என்ன பக்கத்துல பரமத்தியிலயா இருக்கறான்?" என்று கேட்டேன். காப்பியைக் குடிக்காமலே எழுந்து போய்விட்டார். எனக்கு அது ஒரு நிமிஷம் நிம்மதியாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை ஒரு தகவல் வந்தது. ரயில் நிலையத்துக்குப் போய்விட்டால் மேற்கே போகிற ரயில்கள் கிடைக்கும், டிக்கெட் கேட்பதில்லை, ஏறினால் போதும், அங்கிருந்து எல்லையைத் தாண்டிவிடலாம். மறுநாள் காலை ஊரடங்கு தளர்ந்ததும் கிளம்புவதாக விடுதிப் பிள்ளைகள் பேசி வைத்தார்கள். நான் பழைய வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டினேன். கோபுரம், கூடம், படி, சுரங்கப்பாதை. என் பிள்ளை எங்கே நிற்பாள், எதன் மறைவில் நிற்பாள், எது இடிந்து விழும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தக் கூடத்தின் பெரிய ஜன்னல்களை அன்றுதான் முதன்முதலில் கவனித்தேன். ஒருமுறை தரைமட்டமான இடம் இன்னொரு முறை ஆகாது என்று யார் சொன்னது என்று தோன்றியது. அப்படித் தோன்றியபின் உட்கார முடியவில்லை.

புதன்கிழமை. அங்கே காலை, இங்கே மத்தியானம். மகள் கூப்பிட்டாள்.

"கிளம்பறோங்மா. கார் ஒண்ணு வந்திருக்குது. முதல்ல ஒரு செட்டு போவுது, நானும் அதுல போறேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் போனை வாங்கினார். அத்தனை நாளும் அந்த போனை அவர் தொட்டதில்லை.

"சாமி, இப்ப ராகுகாலம். முடியட்டும். அப்பறம் கிளம்பு."

"அப்பா, இங்க இன்னும் வெயிலே வரலீங்ப்பா. ராகுகாலமெல்லாம் இங்க வேற நேரமுங்க."

"சூரியன் ஒண்ணுதான சாமி."

அந்த மனிதர் தன் மகளிடம் அதுவரை எதையும் கேட்டுப் பெற்றதில்லை. அவளுக்கும் அது தெரியும்.

"சரீங்ப்பா" என்றாள். "அடுத்த செட்டுல போறேன்."

நான் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் பயம். குண்டு விழுகிற ஊரில் பிடித்துக்கொள்ள ஏதாவது ஒரு கொம்பு வேண்டும், அது ராகுகாலமாக இருந்தால் என்ன என்று அந்த நிமிஷம் நினைத்தேன். முதல் கார் இவளில்லாமல் போயிற்று. அதில் போன பிள்ளைகள் நிலையத்துக்குள் நுழையவும் ரயில் வரவும் சரியாக இருந்திருக்கிறது. ஏறிவிட்டார்கள். ஏறி, உட்கார இடம் பிடித்து, போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினார்கள். போட்டோ எங்களுக்கும் வந்தது.

கார் திரும்பி வரவில்லை. இவளும் இன்னும் சில பிள்ளைகளும் நடந்தே போனார்கள். வழியில் இரண்டு தடவை சுவரோரம் படுத்து எழுந்தார்களாம். போய்ச் சேர்ந்தபோது நிலையத்து வாசலே தெரியவில்லை, அவ்வளவு கூட்டம்.

நான் என் வீட்டுக்காரரைப் பார்க்கவில்லை. பார்த்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அவர் பண்ணைக்குள் போய்விட்டார். எத்தனை பெரிய இடி விழுந்தாலும் கோழிக்குத் தண்ணீர் காட்டியாக வேண்டும். அவர் நிப்பிள் குழாய்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டு போனது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. நல்ல குழாயையும் தட்டினார். தட்டியதையே மறுபடி தட்டினார்.

மகள் மறுபடி கூப்பிட்டபோது கூடத்துக்குள் இருந்தாள். கேமராவை ஒருமுறை சுழற்றிக் காட்டினாள். வெளியே மப்பு, பகலிலும் உள்ளே இருட்டு. ராத்திரியில் வெளிச்சம் வெளியே தெரியக்கூடாது என்று அணைத்த சரவிளக்குகளைப் பகலிலும் போடவில்லை. தலை நிமிர்ந்து பார்க்கக் கட்டிய கூரையின் கீழே அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கிழவிகள், பூனைக் கூண்டுகள், தள்ளுவண்டியில் குழந்தைகள்.

"கண்ணாடிப் பக்கம் நிக்காத கண்ணு. தூணு பக்கம் போ."

"தூணு பக்கமெல்லாம் ஆளுங்கம்மா."

"மூலைக்குப் போவாத. எக்காரணம் கொண்டும் மூலைக்குப் போவாத."

எங்கள் தொழிலில் அது பாலபாடம். சின்னக் குஞ்சுகளைத் தகரத்தை வட்டமாக வளைத்து அதற்குள்தான் விடுவோம். சதுர அறையில் விட்டால், ஒரு சத்தம் கேட்டாலும் எல்லாம் மூலைக்கு ஓடி ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அடியில் இருப்பது மூச்சுமுட்டிச் சாகும். அவள் அந்தக் குஞ்சுகளோடு வளர்ந்தவள். "தெரியுங்மா" என்றாள். பிறகு எங்கோ பெரிதாக ஒரு சத்தம் கேட்டது. கூடம் முழுவதும் ஒரே குரலாக அலறியது. திரை கறுத்துவிட்டது.

அதற்குப் பிறகு வந்த நேரத்தைப் பற்றி எழுத எனக்கு வராது. நான் தரையில் உட்கார்ந்திருந்தேன் என்று பின்னால் சொன்னார்கள். பூஜை அறையில் போய் நின்று சாமியைக் கண்டபடி திட்டினேன் என்றும் சொன்னார்கள். திட்டியது நினைவில் இருக்கிறது. அதில் ஒரு வார்த்தையையும் நான் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

அவள் உயிரோடு இருந்தாள். குண்டு நிலையத்தின் மேல் விழவில்லை, பக்கத்தில் எங்கோ. ரயில்கள் வந்துகொண்டும் இருந்தன. வரும் ஒவ்வொரு ரயிலிலும் அந்த ஊர்த் தாய்மார்களையும் குழந்தைகளையும் முதலில் ஏற்றினார்கள். அவர்கள் ஊர், அவர்கள் குழந்தைகள். குறை சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஆனால் எங்கள் பிள்ளைகள் வாசல் கம்பியைப் பிடிக்கும்போதெல்லாம் காவலுக்கு நின்றவர்கள் தள்ளிவிட்டார்கள். ஒரு ரயில் போயிற்று. இன்னொன்று போயிற்று. கூட வந்த பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கமாக நெருக்கித் தள்ளப்பட்டார்கள். கடைசியில் இவள் தனியாக நின்றாள். "அம்மா, என்னால முடியலீங்மா, நான் திரும்பவும் அந்த நெலவறைக்கே போயிடறேன்" என்று அழுதாள். இருக்கிற கொஞ்சம் சார்ஜில் அழாதே என்றேன். பெற்றவள் சொல்கிற வார்த்தையா அது? ஆனால் அதைத்தான் சொன்னேன்.

அடுத்த ரயில் வரும்போது போன் என் காதில்தான் இருந்தது. அவள் அதை அணைக்காமலேயே சட்டைப்பைக்குள் போட்டிருக்கிறாள். எனக்குக் கேட்டதெல்லாம் கூச்சல், விசில், இரும்பு உரசுகிற சத்தம். பிறகு போனுக்கு மிக அருகில் ஒரு குழந்தை அழுதது. என் மகள் இருக்கிற இடத்தில் குழந்தை எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியவில்லை. "கண்ணு, கண்ணு" என்று கத்தினேன். குழந்தைதான் அழுதது. அப்படியே இணைப்பு போய்விட்டது.

சாயங்காலம் கோழிகள் அடங்குகிற நேரத்துக்கு ஒரே ஒரு வரி வந்தது. ஏறிவிட்டேன் அம்மா.

என் வீட்டுக்காரர் முட்டை அட்டைகளின் மேல் உட்கார்ந்து அழுதார். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். பக்கத்து வீட்டார் ஓடி வந்தார்கள். "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுங்க" என்றார்கள். பிள்ளையார் கோவிலில் தேங்காய் உடைத்தோம். தெருவுக்கே கேசரி கிண்டிக் கொடுத்தேன். நான் திருப்பி அனுப்பிய அந்தத் தூரத்துச் சொந்தக்காரருக்கும் ஒரு டப்பாவில் போட்டு அனுப்பினேன். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை நான் மறைக்கப் போவதில்லை. உலகமே எரிந்தாலும் என் பிள்ளை வந்தால் போதும் என்றுதான் இருந்தது. கூட நடந்த பிள்ளைகளும் முன்னே பின்னே வேறு ரயில்களில் ஏறி ஊர் வந்து சேர்ந்தார்கள்.

அன்றோடு அவர் காலண்டர் பார்ப்பதை விட்டுவிட்டார் என்று எழுதினால் நன்றாக இருக்கும். விடவில்லை. இன்றும் பார்க்கிறார். ராகுகாலம் கழித்துக் கிளம்பியதால்தான் பிள்ளை தப்பித்தாள் என்று அவரிடம் யாரோ சொன்னார்கள். அவர் எழுந்து பண்ணைக்குள் போய்விட்டார். அதனால்தான் முதல் ரயில் தவறிப்போனது என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். மகள் ஒருமுறைகூட அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

போனில் அழுத அந்தக் குழந்தை யாருடையது என்று அவள் வீட்டுக்கு வந்தபின்னும் நான் கேட்கவில்லை. ஒரு மத்தியானம் ஷெட்டில் உடைந்த முட்டைகளைப் பிரித்துக்கொண்டிருந்தோம். கேட்காமலே அவளாகச் சொன்னாள்.

பிளாட்பாரத்தில் அவள் பக்கத்தில் அந்த ஊர் ஆள் ஒருவர் சின்னப் பையன் ஒருவனைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறார். அவருடைய மனைவியைக் கைக்குழந்தையோடு கூட்டம் முன்பக்கப் பெட்டிக்குள் அடித்துக்கொண்டு போய்விட்டது. இவரைக் காவலர்கள் விடவில்லை. ஆண்கள் பின்னால் என்று தள்ளினார்கள். ரயில் அசையத் தொடங்கியதும் அவர் சுற்றிலும் பார்த்திருக்கிறார். யாரைப் பார்க்கிறார் என்று இவளுக்குப் புரிவதற்குள் பையனை இவள் கையில் திணித்துவிட்டார். முன்பெட்டியில் இவன் அம்மா, நீல மேல்கோட்டு என்றிருக்கிறார். கையில் குழந்தை இருப்பதைப் பார்த்ததும் காவலர்கள் வழிவிட்டார்கள். அதுவரை தள்ளிய அதே கை இவளைத் தூக்கி மேலே ஏற்றியது.

"நான் என்னோட முகத்தக் காட்டி எத்தன ரயிலக் கேட்டங்மா. அந்தக் கொழந்தையக் காட்டுனதும் ஏத்திட்டாங்க."

ரயிலோடு ஓடிவந்து அவர் ஜன்னலைத் தட்டினாராம். ஏதோ பெரிதாகச் சொல்லப் போகிறார் என்று இவள் காதைக் கொடுத்திருக்கிறாள். அவனுக்குக் காதுவலி வரும், குல்லாயைக் கழற்ற விடாதே என்றாராம். அவ்வளவுதான். பிளாட்பாரம் முடிந்துவிட்டது.

பெட்டியில் நிற்கவே இடமில்லை. நடைவழியெல்லாம் ஆட்கள் படுத்திருந்தார்கள். முன்பெட்டிக்குப் போக வழியே இல்லை. வழி முழுக்க அந்தப் பையன் இவள் மடியில் குல்லாயைக் கழற்றக் கழற்ற, இவள் திரும்பத் திரும்பப் போட்டுவிட்டுக்கொண்டே வந்திருக்கிறாள். மேற்கே ஒரு பெரிய ஊரில் ரயில் நின்றதும் அவனைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடினாள். நீல மேல்கோட்டுப் போட்ட பெண் கைக்குழந்தையோடு கீழே இறங்கி நின்றுகொண்டிருந்தாள். அவள் பையனை வாங்கி நெஞ்சோடு அணைத்தாள், நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், குல்லாயைச் சரிசெய்தாள்.

"அப்பறம் நிமிர்ந்து பாத்தாங்மா. என்னயப் பாக்கல. எனக்குப் பின்னாடி பாத்தா. எங்க பெட்டியில இருந்து இறங்கறவங்கள ஒவ்வொருத்தரா பாத்தா. அவரும் பின்னாடிப் பெட்டியில ஏறியிருப்பாருன்னு நெனச்சே அவ்வளவு தூரமும் வந்திருக்கறா. நான் பக்கத்துலயே நின்னேன். அவரு வரலீன்னு சொல்றதுக்கு அந்தப் பாஷையில எனக்கு வார்த்தை தெரியுங்மா. சொல்ல முடியல."

கடைசி ஆளும் இறங்கிப் போனார். பெட்டியின் கதவைச் சாத்தினார்கள். அந்தப் பெண் அப்போதும் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.